அந்தப் பாறைகளில் வரைந்தவர்கள் மனிதர்கள்

சஹாராப் பாறை ஓவியங்களில் இருப்பவர்கள் வேற்றுக் கிரகவாசிகள் என்று சொன்ன அந்தக் காணொளியைப் பற்றி இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அதன் கீழே நான் இட்ட மறுப்புப் பின்னூட்டம் கேலிக்கு ஆளாகி, பிறகு நீக்கப்பட்டது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் நேற்று அந்தக் காணொளிக்காரர் வெளியிட்ட விளக்கத்தைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சஹாராப் பாறைகளில் உள்ள வட்டத்தலை உருவங்களை வேற்றுக் கிரகவாசிகள் என்று சொன்னதில் தவறு ஏதும் இல்லையாம். ஒரு சாத்தியத்தை மட்டும்தான் முன்வைத்தாராம். ‘ஆடு மாடு மேய்த்துத் திரிந்த கூட்டத்துக்கு இவ்வளவு அறிவு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்பது குற்றமா’ என்கிறார்.

கேட்பது குற்றமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. மண்ணைத் தோண்டி, சலித்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, பல பத்தாண்டுகள் உழைத்துக் கண்டடைந்த விடை. அதைத் தேடிப் பார்க்கும் பொறுமை இல்லாமல், கேள்வியை மட்டும் இத்தனை பேர் முன்னால் வீசிவிட்டுப் போவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஓவியங்களை வரைந்தவர்கள் அங்கே வாழ்ந்த மனிதர்கள். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், அவர் காணொளியில் காட்டிய அந்தச் ‘செவ்வாய்க் கிரகக் கடவுள்’. 1956-இல் அல்ஜீரியாவின் தாசிலி நஜ்ஜேர் மேட்டுநிலத்துக்குத் தம் குழுவோடு சென்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்ரி லோட், ஜப்பாரன் என்ற இடத்தில் ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரமுள்ள ஓர் உருவத்துக்கு, அதன் தலை வட்டமாகவும் முகமின்றியும் இருந்ததால், அப்படி ஒரு பட்டப்பெயர் இட்டார். அவ்வளவுதான் அதன் கதை. அந்தக் குழு நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பாறையை நீரால் நனைத்துத் துடைத்ததில் ஓவியங்களுக்குச் சேதம் ஏற்பட்டது. அந்தப் பெயர் செய்த சேதமும் அதற்குக் குறைந்ததன்று. தாசிலியில் 15,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களும் செதுக்குருவங்களும் உள்ளன. முகமூடி அணிந்தவர்கள், உடம்பில் வண்ணக் கோடுகள் தீட்டிக்கொண்டவர்கள், ஆடுகிறவர்கள், மாடு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கே இருக்க, நம் ஆளுக்கு அந்த ஒரே ஒரு உருவம்தான் கண்ணில் பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல பாறைகளில் மாட்டு மந்தை ஓவியங்கள் வட்டத்தலை உருவங்களின் மேலேயே தீட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே வட்டத்தலை ஓவியங்கள் மந்தை ஓவியங்களுக்கு முற்பட்டவை, அவற்றை வரைந்தவர்கள் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்தவர்கள் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அவர்களைத்தான் ஆடு மாடு மேய்த்த கூட்டம் என்கிறார்; யாரை இழிவாகப் பேசுகிறோம் என்பதைக்கூடச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் பேசியிருக்கிறார்.

அவர்கள் வாழ்ந்த சஹாரா இன்றைய சஹாரா அன்று. பூமியின் சுழற்சி அச்சு மெல்லத் தன் திசையை மாற்றிக்கொள்வதால் வடபகுதியின் கோடை வெயில் அந்தக் காலத்தில் கூடுதலாக இருந்தது. அதனால் ஆப்பிரிக்கப் பருவமழை இப்போது எட்டாத வடக்கு வரைக்கும் எட்டியது. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே ஏரியும் புல்வெளியும் நீர்யானையும் இருந்தன. லிபியாவின் அகாகுஸ் மலையில் உள்ள தக்கர்கோரி பாறை ஒதுக்கிடத்தில் கிடைத்த 17,551 விலங்கு எச்சங்களில் கிட்டத்தட்ட 80 விழுக்காடு மீன். அதிலும் கெளுத்தி இனமும், நம்மூரில் ஜிலேபி என்கிறோமே, அந்தத் திலாப்பியா இனமும்தான் அதிகம். இன்று அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் பாறையும்தான்.

அந்த மலையிலேயே உவான் அஃபுதா என்று ஒரு குகை இருக்கிறது. அங்கே தோண்டியவர்களுக்கு அடுக்கடுக்காக மிதிபட்டு இறுகிய சாணம் கிடைத்தது. பார்பரி ஆடு என்னும் காட்டு விலங்கின் சாணம் அது. ரோம் நகரின் சப்பியென்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவினோ டி லெர்னியா அதை ஆராய்ந்து, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே வேட்டைக்காரர்கள் அந்தக் காட்டாடுகளைப் பிடித்து, குகைக்குள் அடைத்து, தீனி போட்டு வைத்திருந்து, தேவைப்பட்டபோது உண்டார்கள் என்று காட்டினார். பழக்கப்பட்ட ஆடும் மாடும் அங்கே வந்துசேருவதற்கு முந்திய செய்தி இது. இதை என் பின்னூட்டத்தில் எழுதியதற்குத்தான் ‘சாணியில் என்னய்யா ஆராய்ச்சி’ என்று ஒருவர் கேட்க, அதற்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் சிரித்திருந்தார்கள்.

சாணியில் என்ன ஆராய்ச்சி என்று நான் சொல்கிறேன். என் தாத்தா இராமநாதபுரத்துப் பக்கம் வயல்களில் ஆட்டுக் கிடை போட்ட கீதாரி, அதாவது மந்தை மேய்ப்பவர். அறுப்பு முடிந்த வயலில் இரவு கிடை மடக்கினால் விடியும்போது தரை முழுக்கப் புழுக்கை மிதிபட்டு, மூத்திரத்தில் ஊறி, ஒரு தட்டாகப் படிந்திருக்கும். கால்விரலால் அதைக் கீறிப் பார்த்துவிட்டு ஆடு நேற்று என்ன தின்றது, எத்தனை ஆட்டுக்கு வயிறு சரியில்லை, மேய்ச்சலை எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்று சொல்வார். தாய் ஒதுக்கிய குட்டியின் மேல் அந்தத் தாயின் பாலையே பீய்ச்சித் தடவி, அது முகர்ந்து பார்த்து ஏற்றுக்கொள்ளும்வரை இருட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். எட்டு வயதில் அவர் பக்கத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நானும் உட்கார்ந்திருக்கிறேன். உவான் அஃபுதாவின் சாண அடுக்கைப் பற்றி முதன்முதலில் படித்தபோது என் மூக்கில் ஏறியது அந்தக் கிடையின் வாடைதான்.

ஏழாம் வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்டதற்காக ஓர் ஆசிரியர் என்னை எழுப்பி நிறுத்தி, ‘நீயெல்லாம் உன் தாத்தா மாதிரி ஆடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்றார். வகுப்பே சிரித்தது. இது நடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தச் சிரிப்பும் போன வாரத்துச் சிரிப்பும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. நான் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படுகிறேன் என்று சில நண்பர்கள் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். படுகிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

‘வேடிக்கைக்குப் பேசியதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா’ என்கிறார்கள். வேடிக்கை என்றால் அந்த வேடிக்கை ஏன் எப்போதும் ஆப்பிரிக்கர்கள்மீதே விழுகிறது? நமீபியாவின் பிராண்ட்பெர்க் மலையில் உள்ள ஓர் ஓவியத்தை, அது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண்ணின் படம் என்று பிரெஞ்சுப் பாதிரியார் பிரய் அடித்துச் சொன்னார். ‘வெள்ளைச் சீமாட்டி’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்த உருவம் பெண்ணே அன்று, உடம்பில் வெள்ளை பூசிய ஓர் ஆண், வரைந்தவர்கள் அந்த மண்ணின் வேட்டைக் குடிகள் என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அன்று ஐரோப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்ததை இன்று விண்வெளிக்குத் தூக்கிக் கொடுக்கிறோம். செய்தவனுக்கு மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

‘நீ லிபியாவுக்குப் போனாயா’ என்று கேட்டவருக்கு: இல்லை. அவரும் செவ்வாய்க்குப் போகவில்லை. ‘கீழடி இருக்கும்போது சஹாரா எதற்கு’ என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியே எனக்கு விளங்கவில்லை.

கொஞ்சம் கனமான மறுப்பு ஒன்றும் வந்தது. ஆடு வளர்ப்பு மேற்காசியாவில் தொடங்கியதுதானே, அப்படியானால் வெளியிலிருந்து யாரோ வந்துதானே கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தக்கர்கோரியில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டு, வறட்சியில் இயல்பாகவே உலர்ந்து பதப்பட்ட இரண்டு பெண்களின் மரபணுவை ஆராய்ந்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் வட ஆப்பிரிக்காவிலேயே மிக நெடுங்காலம் தனித்து வாழ்ந்த ஒரு பழங்குடி மரபைச் சேர்ந்தவர்கள். 15,000 ஆண்டுகளுக்கு முன் மொராக்கோவின் தஃபோரால்ட் குகையில் வாழ்ந்த வேட்டைக்காரர்களுக்கு உறவினர்கள். மேற்காசியக் கலப்பு அவர்களிடம் மிகச் சொற்பம். ஆடு வந்திருக்கிறது, கூட்டமாக ஆள் வரவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் பார்த்துப் பழகித் தாங்களே மேய்ப்பர்கள் ஆனார்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். காட்டாட்டைக் குகைக்குள் அடைத்துத் தீனி போடக் கற்றிருந்தவர்கள், பழகிய ஆட்டைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியாமலா நின்றிருப்பார்கள்?

பானையைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பால் காய்ச்சிய மண்பானையை எத்தனை முறை தேய்த்தாலும் பால் வாடை போகாது. வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது என்று என் அம்மா தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார். கொழுப்பு மண்ணின் துளைகளுக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம். தக்கர்கோரியில் கிடைத்த பானை ஓடுகளைப் பொடித்து, அப்படி உள்ளே இறங்கிக் கிடந்த கொழுப்பைப் பிரித்தெடுத்து, அது பால் கொழுப்பு என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜூலி டன்னும் உடனிருந்தவர்களும் 2012-இல் நிறுவினார்கள். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணோ ஆணோ அடுப்பில் ஏற்றிய பால் அது. அதற்கும் முன்பே, மேய்ச்சல் வாழ்க்கை தொடங்காத காலத்திலேயே, காட்டுத் தானியத்தையும் நீர்த்தாவரங்களையும் அங்கே பானையில் வேகவைத்திருக்கிறார்கள். சிறு வட்டங்களாகக் குவிந்து கிடந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளை எறும்பு சேர்த்ததா மனிதர் சேர்த்ததா என்றுகூடச் சோதித்து, மனிதர்தாம் என்று முடிவு கண்டார்கள். எறும்புக்குப் போக வேண்டிய பெயர்கூட மனிதனுக்குத் தவறிப் போய்விடக் கூடாது என்று அத்தனை கவனம். அந்தக் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கை நான் அந்தக் காணொளிக்காரரிடம் எதிர்பார்த்தது தவறா?

1958-இல் அகாகுஸ் மலையின் உவான் முகுஜியாக் என்ற இடத்தில் இத்தாலிய ஆய்வாளர் பாப்ரிசியோ மோரி ஒரு குழந்தையின் உடலைக் கண்டெடுத்தார். இரண்டரை வயது இருக்கலாம். ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய அந்தப் பிள்ளையை மான் தோலில் சுற்றி, கெடாமல் இருக்கும்படி பதப்படுத்தி, கழுத்தில் தீக்கோழி முட்டையோட்டு மணிமாலை போட்டுப் புதைத்திருந்தார்கள். அந்த முட்டையோட்டை உடைத்து, ஒவ்வொரு துண்டையும் வட்டமாகத் தேய்த்து, நடுவில் துளையிட்டுக் கோத்துக்கொண்டிருந்தவரின் கைகளைப் பல இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய காணொளியின் இரண்டாம் பாகம் ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். அதில் என்னைத் திட்டிக்கொள்ளட்டும், என் பின்னூட்டத்தை மறுபடியும் நீக்கிக்கொள்ளட்டும். தக்கர்கோரி என்ற பெயரையும், அந்தப் பானையில் இருந்தது பால் என்பதையும் ஒருமுறை சொல்லிவிடட்டும்.