வலிப்பு மருந்துக்காகக் காத்திருந்த 38 ஆண்டுகள்

கஞ்சாவில் மருந்து இருக்கிறதா என்று பேச்செடுத்தாலே இரண்டு கூட்டம் கிளம்பிவிடுகிறது. ஒன்று, ஊரைக் கெடுக்கப் பார்க்கிறாயா என்கிறது. இன்னொன்று, புற்றுநோய் முதல் முழங்கால் வலி வரை எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து என்று எண்ணெய்க் குப்பியோடு வருகிறது. இரண்டின் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

1980-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பிரேசிலில் எலிசால்டோ கார்லினியின் குழுவும் இஸ்ரேல் வேதியியலாளர் ரஃபேல் மெசூலமும் சேர்ந்து செய்தது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகள் 8 பேருக்கு, அந்த மருந்துகளோடு சேர்த்து சிபிடி கொடுத்தார்கள். கஞ்சாச் செடியில் இருப்பதுதான், ஆனால் போதை ஏற்றாது. போதை தருவது டிஹெச்சி என்ற வேறு பொருள். அந்த 8 பேரில் 4 பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றே போனது. 3 பேருக்கு ஓரளவு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத மாத்திரை கொடுக்கப்பட்ட மற்ற நோயாளிகளில் ஒருவருக்குத்தான் முன்னேற்றம்.

8 பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது, சரி. அப்படியானால் அடுத்து 100 பேரிடம் சோதித்திருக்க வேண்டாமா? ஆண்டுக்கணக்கில் யாரும் பெரிதாகத் தொடவில்லை. 1961 ஐ.நா. உடன்படிக்கை கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்திருந்தது. அமெரிக்காவில் ஆய்வுக்கான கஞ்சா, அரை நூற்றாண்டு காலம் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஒரே தோட்டத்திலிருந்துதான் வந்தது.

டிராவே என்ற வலிப்பு நோய் குழந்தையின் முதல் வயதிலேயே தொடங்கிவிடும். 2017-இல் வெளியான ஆய்வில், இந்த நோயுள்ள 120 சிறுவர்கள், இளைஞர்களிடம் சிபிடியைச் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மாதம் சுமார் 12 முறை வந்த வலிப்பு 6 ஆனது. மருந்தில்லாத போலி மருந்து எடுத்த மற்றவர்களுக்கு 15 என்பது 14 ஆனதோடு சரி. 2018 ஜூனில் எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்கா இதை அனுமதித்தது. இடைப்பட்ட 38 ஆண்டுகளில் எத்தனை தாய்மார்கள், பிள்ளைக்கு எப்போது வலிப்பு வருமோ என்று தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள்! எனக்கு இது ஆறவே இல்லை.

குப்பிக்காரர்களுக்கும் இதே ஆய்வில் பதில் இருக்கிறது. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, வால்ப்ரோயேட் என்ற வழக்கமான வலிப்பு மருந்தோடு சேரும்போது கல்லீரல் நொதிகள் ஏறுவது எல்லாம் முறையான சோதனையில்தான் தெரியவந்தன. புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு மனிதர்களிடம் அப்படியொரு சான்று இல்லை. கீமோவால் வரும் குமட்டலுக்கு டிஹெச்சி மாத்திரை 1985-இலேயே அனுமதி பெற்றது. ஆனால் குமட்டலை அடக்குவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு.

வலிப்பு வந்த 40 நாள் குழந்தைக்குக் கஞ்சா டிஞ்சர் கொடுத்துப் பார்த்து ஓஷாக்னசி என்ற மருத்துவர் எழுதிவைத்தது நம் கல்கத்தாவில், 1839-இல். இன்றைய போதைப்பொருள் சட்டமும் மருத்துவ, அறிவியல் தேவைக்கு இடம் விட்டிருக்கிறது. ஜம்முவில் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனம் ஆய்வுக்காகவே கஞ்சா வளர்க்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய அளவில் சோதனைகள் நடக்க வேண்டும், அரசு அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

வீட்டில் வலிப்புள்ள பிள்ளை இருந்தால், தயவுசெய்து ஆன்லைனில் குப்பி வாங்கிக் கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சிபிடி பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.