மரக்கானாவின் தரை டிக்கெட்

"மரக்கானா பார்த்துட்டு வந்தேம்மா" என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டது: "மரக்காணமா? பாண்டிச்சேரி போற வழியில இருக்கே, அங்கயா? கப்பல் அங்கெல்லாம் வருமா?" அவருக்குத் தெரிந்தது உப்பளம் இருக்கிற மரக்காணம். நான் சொன்னது பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இருக்கும் கால்பந்து மைதானம்.

சரக்குக் கப்பலில் எஞ்சின் பக்கம் எனக்கு வேலை. ரியோ துறைமுகத்தில் நின்ற மூன்றாம் நாள் வெளியே போய்வர அரை நாள் கிடைத்தது. மற்றவர்கள் மலை உச்சியில் இருக்கும் கிறிஸ்து சிலையைப் பார்க்கக் கிளம்ப, நானும் ஒரு கேரள மலப்புறத்துக்காரரும் மெட்ரோ ஏறினோம். வேலையில் எனக்கு மேலே இருப்பவர். நான் சேட்டா என்றுதான் கூப்பிடுவேன். அர்ஜென்டினா வெறியர். கால்பந்து பைத்தியம் பிடித்த ஊர் அது; மலப்புறத்துக்காரர் பிரேசில், அர்ஜென்டினா இரண்டில் ஒன்றின் ரசிகராக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

மரக்கானா என்றே ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கி நடைபாலத்தைக் கடந்தால் மைதானம். வாசலில் பெல்லினி சிலை. 1958இல் உலகக்கோப்பையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிய பிரேசில் கேப்டன்.

1950 உலகக்கோப்பைக்காகக் கட்டிய மைதானம் இது. 1948 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. கார்லோஸ் லசெர்டா என்ற அரசியல்வாதி, ஊருக்கு நடுவில் எதற்கு, தூரத்தில் ஜகாரெபாகுவாவில் கட்டுங்கள் என்றார். இல்லை, இங்கேதான் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதி எழுதியே சாதித்தவர் மாரியோ ஃபில்யோ. அவர் 1966இல் இறந்ததும் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆனாலும் ஊர் வாயில் நிலைத்தது பக்கத்தில் ஓடும் மரக்கானா ஆற்றின் பெயர்தான். 2021இல் பெலே பெயருக்கு மாற்ற மாநிலச் சட்டமன்றம் வாக்களித்தது. எதிர்ப்பு கிளம்பவே ஆளுநர் ஒப்புதல் தராமல் விட்டுவிட்டார். நல்லதுதான். பெலே தன் 1000ஆவது கோலை 1969இல் இங்கேதான் அடித்தார். அவருக்கு இதற்கு மேல் ஒரு பெயர்ப்பலகை எதற்கு?

1950 ஜூலை 16 கதை கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த உலகக்கோப்பையின் கடைசி ஆட்டம், பிரேசிலும் உருகுவேயும். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். மொத்தம் இரண்டு லட்சத்தை நெருங்கியது என்பார்கள். டிரா ஆனாலே கோப்பை பிரேசிலுக்கு. முதல் கோலும் அவர்களுடையதுதான். உருகுவே ஒன்றைத் திருப்பியது. 79ஆவது நிமிடம் வலது ஓரமாக உருகுவேயின் கிஜ்ஜியா ஓடி வந்தார். உருகுவேயின் முதல் கோலுக்குச் செய்தது போல நடுவே பந்தைத் தட்டிவிடுவார் என்று கோல்கீப்பர் பார்போசா ஓரடி விலக, அந்த இடைவெளியில் பந்து உள்ளே போனது. 2-1. அந்த ஓரடிக்காகப் பார்போசாவை ஊர் கடைசிவரை மன்னிக்கவில்லை. என் நாட்டில் அதிகபட்சத் தண்டனையே 30 வருஷம்தான், நான் 50 வருஷமாக அனுபவிக்கிறேன் என்றார் அவர். 2000இல் இறந்தார். கிஜ்ஜியா இறந்ததோ 2015இல், அதே ஜூலை 16 அன்று.

சரி, நான் சொல்ல வந்தது இதுவல்ல.

பழைய மரக்கானாவில் 'ஜெரால்' என்று ஒரு பகுதி இருந்தது. மைதானத்தைச் சுற்றிக் கீழே, நின்றுகொண்டே பார்க்கும் இடம். நம் ஊர் டூரிங் டாக்கீஸ் தரை டிக்கெட்டேதான். கையில் சில்லறை இருந்தால் போதும், யாரும் உள்ளே போகலாம். ஆட்டக்காரர்களின் கால் தெரியும், ஆட்டம் முழுசாகத் தெரியாது. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். மேல்தட்டிலிருந்து என்னென்னவோ தலையில் விழும், மூத்திரம் உட்பட. அப்படியும் விதவிதமாக வேஷம் கட்டிக்கொண்டு வந்து ஆடிப் பாடியவர்கள் அவர்கள்தான்.

2005இல் ஜெராலை மூடினார்கள். பிறகு 2014 உலகக்கோப்பைக்காக பிரேசில் பணத்தில் 100 கோடி ரெயாலுக்கு மேல் செலவழித்து, பழைய வெளிச்சுற்றை மட்டும் விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் புதிதாக்கினார்கள். இப்போது சுமார் 78,000 இருக்கை. அந்த வேலையில் லஞ்சம் வாங்கிய வழக்கில் அப்போதைய ஆளுநர் சிறைக்குப் போனது தனிக்கதை.

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 1992இல் தடுப்புக் கம்பி உடைந்து மூன்று பேர் செத்த இடம் இது. ஆனால் அந்தக் கம்பி உடைந்தது மேல்தட்டில், ஜெராலில் இல்லை. ஜெர்மனியில் டார்ட்மண்ட் மைதானத்தில் இன்றைக்கும் ஒரு பக்கம் முழுக்கச் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டுதான் பார்க்கிறார்கள். நிற்பதைப் பாதுகாப்பாக்க வழி இருக்கிறது. சில்லறைக்கு டிக்கெட் கொடுக்கத்தான் மனசில்லை. இருக்கை வந்ததோடு விலையும் ஏறியது. ஜெராலில் நின்றவன் இப்போது சாராயக்கடை டிவியில் ஆட்டம் பார்க்கிறான். இதை வளர்ச்சி என்று என்னால் எழுத முடியாது.

உடைமாற்றும் அறை, பெரிய தலைகளின் கால்தடம் பதித்த சிமெண்ட் பலகைகள் எல்லாம் காட்டினார்கள். கிஜ்ஜியாவின் கால்தடமும் இருக்கிறது, ரொம்பப் பெருந்தன்மை. சேட்டா நேரே புல்லோரம் போய், தென் அமெரிக்க நாடுகள் மோதும் கோபா அமெரிக்காவின் 2021 இறுதியில் டி மரியா கோல் அடித்தது எந்தப் பக்கம் என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டார். பிரேசிலை 1-0 என்று சாய்த்த கோல் அது. அந்தப் பெண் சிரிக்காமல் கை காட்டினார். 2014 உலகக்கோப்பை இறுதியில் ஜெர்மனி அர்ஜென்டினாவைத் தோற்கடித்ததும் இங்கேதானே என்று நான் ஞாபகப்படுத்தினேன். பத்து நிமிஷம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் எனக்கு ஒரு ஆசை. புல்லோரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன், ஜெரால்காரனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பார்க்க. எதிர் கோல் கம்பத்தின் மேல்கம்பி, நடுவே பச்சையாக ஒரு கோடு, புல்லுக்குத் தண்ணீர் அடித்த ஆளின் ரப்பர் பூட்ஸ். அவ்வளவுதான். ஓரமாக நின்ற வயசான காவலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். எழுப்பி விரட்டுவார் என்று நினைத்தேன். அவர் கிட்டே வந்து, "ஜெரால்?" என்றார். தலையாட்டினேன். சிரித்துவிட்டு, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்து, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சைகை காட்டினார்.