பவர் இல்லாதவர் போட்டால் ஸ்டைல், எனக்கு மட்டும் சோடாபுட்டியா?

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பல வீடுகளில் நடக்கும் முதல் வேலை, பெண்ணின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்ற வைப்பது. செவ்வாய் தோஷத்துக்குக்கூட பரிகாரம் சொல்லிச் சமாளித்துவிடுவார்கள், மூக்குக்கண்ணாடி என்றால் மட்டும் "கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கோம்மா, நாலு நாள்ல பழகிடும்" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். அதே வீட்டில் காலேஜ் படிக்கிற தம்பி, கண்ணில் ஒரு கோளாறும் இல்லாதவன், தடித்த கறுப்பு பிரேமில் பவரே இல்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பான். அவனை யாரும் எதுவும் சொல்வதில்லை. "ஸ்மார்ட்டா இருக்கேடா" என்று பெரியம்மா பாராட்டியதைக்கூடக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு எரிச்சல் இந்த இடத்தில்தான். ஃபேஷனுக்காகக் கண்ணாடி போடுவதில் ஆட்சேபணை எதுவும் இல்லை, தாராளமாகப் போடட்டும், சட்டைக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளட்டும். கேட்டால் சிலர் "ப்ளூ கட்" என்று ஒரு காரணம் சொல்வார்கள், கம்ப்யூட்டர் வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காப்பாற்றுமாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பைப் பார்த்தால், கண் சோர்வு குறைவதில் அந்த லென்ஸுக்கும் சாதா லென்ஸுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்கிறது. அழகுக்குப் போடுகிறேன் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே, அதில் என்ன வெட்கம்? ஆனால் நன்றாகக் கண் தெரிகிறவர்கள் பெருமையாக மாட்டிக்கொண்டு திரிய, நிஜமாகவே கண்ணாடி தேவைப்படுகிறவள் அதை ஒளித்துக்கொள்ள வேண்டும் என்கிற ஏற்பாடு இருக்கிறதே, அது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

என் பவர் மைனஸ் ஏழரை. (ஏழரை என்றதும் சனியா என்று ஜோக் அடிக்காத கண்ணாடிக் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. சனியாவது ஒரு நாள் விலகும்.) ஐந்தாம் வகுப்பில் போர்டு தெரியாமல் ஆரம்பித்தது. பொன்னாங்கண்ணிக் கீரை, கேரட் ஜூஸ், காலையில் புல்லின் மேல் நடப்பது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்பார் பாட்டி. எனக்கு பஸ் நம்பர் தெரிந்தால் போதும் என்றிருந்தது. மைனஸ் பவர் என்கிற இந்தக் கிட்டப்பார்வை பெரும்பாலும் கண்விழி முன்பின்னாகக் கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிடுவதால் வருவது, கீரை தின்று அதைச் சுருக்க முடியாது. கீரையில் சத்து இருக்கிறது, சாப்பிடுங்கள், அது வேறு விஷயம்.

இந்த பவரை வைத்துக்கொண்டு பிரேம் வாங்கப் போவதே ஒரு கூத்து. போட்டிருப்பதைக் கழற்றினால்தான் புதுசை மாட்டிப் பார்க்க முடியும், கழற்றிவிட்டால் எதிரே இருக்கும் நிலைக்கண்ணாடியில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு உருண்டைதான் தெரியும். மூக்கு முட்டுகிற அளவுக்கு நெருங்கிப் போனால் ஒரு கண்ணும் பாதிப் புருவமும் தெளிவாகும், முழு முகம் ஒருநாளும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பிரேமையும் மாட்டி போனில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, அப்புறம் பழைய கண்ணாடியைப் போட்டு எல்லாப் படங்களையும் வரிசையாகத் தள்ளிப் பார்ப்பேன். கடைப் பையன் பாவம், மேஜை முழுக்க பிரேம்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நிற்பான்.

அவன் எடுத்துக் கொடுப்பதெல்லாம் கன்னம் வரை இறங்குகிற பெரிய பிரேம்களாகவே இருக்கும், இப்போது அதுதான் ஓடுகிறது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும், பிரேம் அகலமாக ஆக ஓரத்தின் தடிமனும் கூடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காதில் மாட்டும் கம்பியின் உட்புறம் பாருங்கள், 48, 20, 140 என்கிற மாதிரி மூன்று எண்கள் பொடியாக அச்சடித்திருக்கும், முதலாவது லென்ஸின் அகலம், அடுத்தது மூக்கின் மேல் உட்காரும் இடைவெளி, கடைசி அந்தக் கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். எனக்கு முதல் எண் 48ஐத் தாண்டினால் சரிப்படாது. 1.67, 1.74 இண்டெக்ஸ் என்று மெல்லிய லென்ஸ் கேட்டால் தடிமன் குறையும், ஆனால் பிரேமைவிட லென்ஸுக்கு அதிகம் அழ வேண்டியிருக்கும். தடித்த பிளாஸ்டிக் ஷெல் பிரேம் என்றால் ஓரத்தை அதுவே கொஞ்சம் மறைத்துக்கொள்ளும், கம்பி பிரேமில் அப்படியே பல்லைக் காட்டும். இத்தனை கணக்கும் போட்டு ஆபீசுக்கு ஒரு கறுப்பு, பட்டுச் சேலைக்கு ஒரு மரூன் என்று நான் வைத்திருக்கிறேன் என்றால் ஃபேஷன் பற்றி என்னிடம்தான் கேட்க வேண்டும். பவர் இல்லாதவருக்கு என்ன கஷ்டம், கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடலாம்.

கான்டாக்ட் லென்ஸைத் திட்ட வரவில்லை. பல வருஷம் போட்டவள் நான். கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, மைனஸ் பவரில் கண் சின்னதாகத் தெரிவதற்கு அந்த இடைவெளிதான் பெரிய காரணம், லென்ஸ் கண்ணின் மேலேயே உட்கார்ந்துவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஹெல்மெட்டுக்குள் காதோரம் அழுத்தாது. மழையில் துடைக்க வேண்டாம், இட்லிப் பானையைத் திறந்தால் உலகம் மறையாது, வெங்காயம் வெட்டினால் கண் கரிப்பதுகூடக் குறைவு. விளையாடுகிறவர்களுக்கு அது வரம். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் ரொம்ப அதிகமாக இருப்பவர்களுக்கும், கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கும் லென்ஸ் மருத்துவத் தேவை, அழகு சம்பந்தப்பட்டதே இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு மேஜையில் உலோகத் துண்டுகளைப் பூட்டி விளையாடும் பிள்ளைகளின் மெர்க்கூர் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்துச் சுழலும் இயந்திரம் செய்து மென்மையான லென்ஸை வார்த்தெடுத்தார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் மரியாதைதான்.

ஆனால் "நாலு நாள்ல பழகிடும்" என்பவர்கள் மீதியைச் சொல்வதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியில் லென்ஸை நிறுத்தி அது உள்புறம் வெளியே திரும்பியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் போட்டுக்கொண்டே தூங்கக் கூடாது என்கிறார்கள். குழாய்த் தண்ணீர் லென்ஸ் மேல் படவே கூடாது, அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்கிற கிருமி கருவிழியில் தொற்றினால் பார்வைக்கே ஆபத்து. குளிக்கும்போதும் கழற்ற வேண்டும், டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் மேலேயே இன்று ஊற்றக் கூடாது, டப்பாவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதெல்லாம் முடியும் என்றால் போடுங்கள். ஒரு மாதத்துக்குப் பெண் பார்க்கும் படலம் ஓடட்டும் என்று போடுகிற பொருள் இல்லை அது.

கல்யாண மேக்கப் பேக்கேஜில் இலவசமாக வரும் கலர் லென்ஸ் இன்னும் மோசம். கண் டாக்டர் பக்கமே போகாமல், கருவிழியின் வளைவை அளக்காமல், ஹேசல் கலர் வேணுமா சாம்பல் கலர் வேணுமா என்று கேட்டு மாட்டிவிடுகிறார்கள். பவர் இல்லாவிட்டாலும் அதுவும் கண்ணுக்குள் போகிற சமாச்சாரம்தான். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது.

என் கல்யாணத்துக்கும் லென்ஸ்தான் போட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மேக்கப்போடு மாட்டியது, முகூர்த்தத்துக்குள் காய்ந்து கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்த ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ஹோமம். ஐயர் நெய் ஊற்ற ஊற்ற புகை நேராக என் பக்கம் வந்தது, மையெல்லாம் கரைந்து கன்னத்தில் ஓட, தேய்க்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே இருந்த அத்தைகள் பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து அவர்களும் அழுதார்கள். வீடியோவில் பின்னணி இசையோடு இன்றும் இருக்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. தென் கொரியாவில் 2018 ஏப்ரலில் எம்பிசி தொலைக்காட்சியின் காலைச் செய்தியை இம் ஹியோன்-ஜூ என்கிற பெண் வாசிப்பாளர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார், அதுவே அங்கே பெரிய செய்தி ஆகிவிட்டது. ஆண் வாசிப்பாளர்கள் அதற்கு முன் போட்டபோது யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜப்பானில் 2019 நவம்பரில் சில வேலை இடங்கள் பெண்களை மட்டும் கண்ணாடி போடக் கூடாது என்று சொல்வது வெளியே வந்தது, முகம் கடுமையாகத் தெரிகிறதாம், கிமோனோவுக்குப் பொருந்தவில்லையாம். வாடிக்கையாளரைப் பார்த்துத்தானே வேலை செய்ய வேண்டும், பார்க்கிற கருவியையே கழற்றச் சொன்னால் எப்படி?

ஆண்களின் கண்ணாடிக்கு நடப்பதைப் பாருங்கள். காந்தியின் வட்டக் கண்ணாடியை மட்டும் வரைந்து 2014ல் தூய்மை இந்தியா திட்டத்துக்குச் சின்னமாக வைத்தார்கள், முகமே தேவைப்படவில்லை. எம்ஜிஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். கலைஞர் விபத்தில் கண் பாதிக்கப்பட்டுக் கறுப்புக் கண்ணாடிக்கு வந்தவர், அது அவருடைய கம்பீரமாகவே ஆகிப்போனது, சுவர் விளம்பரத்தில் கண்ணாடியைப் போட்டாலே ஆள் யாரென்று தெரியும். பெண் போட்டால் அதிகபட்சம் "டீச்சர் மாதிரி இருக்கே". அதுவும் பாராட்டாக இல்லை.

இன்னொன்று, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. வெள்ளெழுத்து வந்ததும் என்னைப் போன்ற மைனஸ்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படித்துவிடலாம். லென்ஸ் போட்டிருந்தால் அது நடக்காது, படிக்க அதற்கு மேலே ஒரு கண்ணாடி போட வேண்டும். கண்ணாடியிலிருந்து தப்பிக்கத்தானே லென்ஸுக்குப் போனோம்! நான் திரும்பி வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான், மீதி சோம்பேறித்தனம்.

அக்கா மகளுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மைனஸ் நாலு. "சித்தி, கண்ணாடியோட நிக்கலாமா, போட்டோல லைட் அடிக்குமே?" என்று கேட்டாள். எதிரொளி தடுக்கும் கோட்டிங் போட்ட லென்ஸ் வாங்கச் சொன்னேன். அப்புறம் போட்டோகிராபரிடம் விளக்கை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் உயர்த்தி வைக்கச் சொல்லலாம், காதுப் பக்கம் கம்பியைத் துளி உயர்த்தி வைத்தாலும் பளபளப்பு கீழே போய்விடும். மெல்லிய தங்கக் கலர் பிரேம் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து எனக்குப் படம் அனுப்பியிருக்கிறாள், அவள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது. மாப்பிள்ளைப் பையனும் கண்ணாடிதான், அவனை யாரும் லென்ஸ் போடச் சொல்லவில்லை. அக்காவோடு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.