கையெழுத்துப் போட்டால் ஆழியாறு தண்ணீர் வந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோத் துண்டு கேரளப் பக்கம் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பி, வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி, கோயம்புத்தூரில் இருக்கிற என் சித்தி மகள் வரைக்கும் போய்விட்டது. "அக்கா, இது நீங்கதானே?" என்று சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பியிருக்கிறாள். நான்தான் கண்ணு. "டீச்சர், பாடம் எடுக்கறதை ஸ்கூல்ல வெச்சுக்குங்க" என்று சிறப்பு விருந்தினர் சொன்னதும் மொத்த ஹாலும் சிரித்ததே, அதில் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருப்பது நான்தான். அதற்கு முன்னால் நான் என்ன சொன்னேன், பின்னால் என்ன சொல்ல வந்தேன் என்பதெல்லாம் வீடியோவில் இல்லை. எடிட் செய்த தம்பிக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிறப்பு விருந்தினர் சொன்னது இதுதான்: நம்ம நாட்டுக்கும் அமெரிக்கா மாதிரி அதிபர் ஆட்சி வேண்டும். அங்கே அதிபர் பேனாவைத் திறந்தால் சட்டம். அப்படி ஒருத்தர் டில்லியில் உட்கார்ந்தால் ஆழியாறு தண்ணீர்ப் பிரச்சினை ஒரே கையெழுத்தில் முடியும்.

கைதட்டல் பலமாக இருந்தது. தட்டாமல் என்ன செய்வார்கள், வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. மணக்கடவில் தமிழ்நாடு நமக்கு, அதாவது கேரளத்துக்கு, வருஷத்துக்கு 7.25 டிஎம்சி விட வேண்டும் என்று 1970 ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பார்த்தேதான் இங்கே நாற்று விடுவதும் விடாததும். தண்ணீர் பேரைச் சொன்னால் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவில் யாருக்கும் கைதட்டல் கிடைக்கும். அதனால்தான் எழுந்தேன்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. அதிபர் முறை என்பது ஒரு ஆள் நினைத்ததெல்லாம் நடக்கிற முறை கிடையாது. அதிபருக்கு மாளிகையைக் கொடுத்துவிட்டு, பெட்டிச் சாவியை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுக்கிற முறை அது. அமெரிக்காவில் எதிர்வீடு நாடாளுமன்றம். அது பணம் ஒதுக்காமல் அதிபரால் ஒரு பாலம் கட்ட முடியாது. 2018 டிசம்பரில் டிரம்ப் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டார். கொடுக்க மாட்டோம் என்றார்கள். அரசாங்கத்தின் ஒரு பகுதியே 35 நாள் மூடிக் கிடந்தது, லட்சக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. பேனா அவர் கையில்தான் இருந்தது.

தண்ணீர் என்றாரே, தண்ணீருக்கே வருகிறேன். கொலராடோ என்று ஒரு ஆறு. ஏழு மாநிலங்களுக்குப் பொது. 1922-ல் ஒப்பந்தம் போட்டார்கள், அரிசோனா மட்டும் 1944 வரைக்கும் ஏற்கவில்லை. நடுவில், கலிபோர்னியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோக பார்க்கர் என்ற இடத்தில் அணை கட்ட ஆரம்பித்தார்கள். 1934-ல் அரிசோனா கவர்னர் என்ன செய்தார் தெரியுமா? தன் மாநிலப் படையை ஆற்றங்கரைக்கு அனுப்பி வேலையை நிறுத்தினார். அப்போது அதிபர் சாதாரண ஆள் இல்லை, ரூஸ்வெல்ட். மத்திய அரசே உச்ச நீதிமன்றம் போனது. 1935-ல் தீர்ப்பு அரிசோனா பக்கம். காரணம் ஒரே வரிதான்: இந்த அணைக்கு நாடாளுமன்றம் அனுமதி கொடுக்கவில்லை. அப்புறம் அதே வருஷம் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, அணை எழும்பியது. பல்லாண்டு வழக்கு நடந்து 1963-ல்தான் பங்கு பற்றிப் பெரிய தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் அந்த ஏழு மாநிலங்களும் உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் இருக்கின்றன.

இதைத்தான் ஹாலில் சொல்ல வாயெடுத்தேன். "அரிசோனா" என்பதற்குள் சிரித்துவிட்டார்கள்.

"அப்படின்னா டிரம்ப் தினமும் கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டு டிவியில் காட்டுகிறாரே, அது என்னவாம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு நிர்வாக ஆணை என்று பெயர். அதிபர் தனக்குக் கீழே இருக்கிற துறைகளுக்கு, இருக்கிற சட்டத்துக்குள் நின்று இப்படி வேலை செய்யுங்கள் என்று சொல்வது. புதுச் சட்டம் ஆகாது. அடுத்தவர் வந்து ஒரே நாளில் அடித்துப் போடலாம். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தைப் பாருங்கள்: ஒபாமா 2016-ல் சேர்த்தார், டிரம்ப் வெளியே எடுத்தார், 2021-ல் பைடன் பதவியேற்ற நாளே திரும்பச் சேரக் கையெழுத்துப் போட்டார், 2025-ல் டிரம்ப் பதவியேற்ற நாளே திரும்ப வெளியே எடுக்க உத்தரவு போட்டார். கையெழுத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

எல்லை மீறினால் நீதிமன்றம். 1952-ல் கொரியப் போர் நடக்கிறது, இரும்பாலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது. ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ளும் என்று ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று செல்லாது சொன்னது. அந்த ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் ட்ரூமனே நியமித்தவர்கள். அதில் இரண்டு பேர் அவருக்கு எதிராக எழுதினார்கள். மாணவர் கல்விக்கடன் தள்ளுபடி என்று பைடன் அறிவித்ததும் 2023-ல் அப்படியேதான் போனது.

ஆள் நியமிப்பதுகூட இஷ்டம்போல இல்லை. புது அதிபர் வந்தால் நிரப்ப வேண்டிய அரசியல் பதவிகள் சுமார் 4,000. அதில் 1,200-க்கு மேல் நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட் சரி என்று சொன்னால்தான். அமைச்சர்களுக்கும் அதுதான் கதி. 1989-ல் மூத்த புஷ் பாதுகாப்புத் துறைக்கு முன்மொழிந்தவரைச் செனட் தோற்கடித்தது. ஒரு காலத்தில் ஜெயித்தவர் தன் ஆட்களுக்கே எல்லா வேலையும் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை கிடைக்காத கோபத்தில் ஒருவன் 1881-ல் கார்ஃபீல்ட் என்ற அதிபரைச் சுட்டே விட்டான். 1883-ல் பரீட்சை வைத்து ஆள் எடுக்கச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். (நம்ம அரசுப் பணித் தேர்வாணைய (பிஎஸ்சி) ரேங்க் லிஸ்ட்டில் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் எதையும் பரிந்துரைக்கவில்லை.)

இவ்வளவும் நான் எங்கோ ரகசியமாகத் தோண்டி எடுத்தது இல்லை. தமிழ் மீடியத்தில் படிக்கிற என் டியூஷன் பிள்ளைகள் பாதியை ஒப்பிப்பார்கள். கோட்டு போட்ட சிறப்பு விருந்தினருக்குத் தெரியவில்லை என்பதில் வருத்தமில்லை. தெரிந்தவள் எழுந்தால் உட்கார வைப்பதில்தான் எல்லாருக்கும் அவ்வளவு அவசரம்.

சரி, இனி நம்ம முறையைப் பற்றிச் சொல்கிறேன். நம்ம முறையில் அமைச்சர் சபைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். உறுப்பினர் எழுந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அமைச்சர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவே கூடாது, அரசியல் சாசனத்திலேயே தடை. குழு கூப்பிட்டால் போய் உட்கார்ந்து பதில் சொல்வார், அவ்வளவுதான். அவரை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அதிபர். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதைப் பேசியிருக்கிறார். அமெரிக்க முறையில் நிலைத்தன்மை அதிகம், பொறுப்புக் கூறுவது குறைவு. நம்மது அதற்கு நேர் எதிர். இரண்டில் பொறுப்பைத்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெளிவாகச் சொன்னார். தினமும் கேள்வி கேட்கலாம், தேர்தல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்மாவுடைய பென்ஷன் மனுவைத் தமிழில் எழுதிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தாளை இரண்டு விரலால் தூக்கி, திருப்பி, பின்பக்கம் ஏதாவது மலையாளம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "மலையாளத்தில் எழுதிக் கொண்டு வா" என்று கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். கேரளத்தில் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று சொன்னேன். சட்டம் பேசுகிறாயா என்று முகத்தைப் பார்த்தார். அம்மா என் சேலை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார், "வா போலாம், மலையாளத்துலயே எழுதிக் குடுத்துடலாம்." அப்போது வேறு வேலையாக வந்திருந்த எங்கள் வார்டு மெம்பர் எட்டிப் பார்த்து, சிரித்தபடி ஒரு வார்த்தை விட்டார்: "சேட்டா, நாளைக்கு இது சட்டசபையில் கேள்வியா வந்தா மந்திரிக்கு யாரு பதில் எழுதித் தர்றது?" அவ்வளவுதான். மனு உள்ளே போனது, சீல் விழுந்தது, ரசீது வந்தது.

அந்தக் கேள்வி சட்டசபைக்கு வரவே இல்லை. வரலாம் என்ற பயமே போதுமாக இருந்தது. மந்திரி சட்டசபைக்குள் உட்காராத முறையில் அந்தப் பயம் கவுண்டர் வரைக்கும் இறங்கி வராது. இதை யார் வேண்டுமானாலும் மறுக்கலாம், முதலில் ஒரு தமிழ் மனுவை எடுத்துக்கொண்டு அந்தக் கவுண்டருக்குப் போய் வந்து மறுக்கட்டும்.

"நம்ம முறை மட்டும் ரொம்ப ஒழுங்கா? 1959-ல் கேரளத்தில் ஈஎம்எஸ் நம்பூதிரிபாட் அரசைக் கலைத்தது ஒரு கையெழுத்துதானே?" என்று ஒரு தோழர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். ஆமாம், ஜூலை 31. குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார், மத்திய அமைச்சரவை சொல்லித்தான் போட்டார். அப்படிக் கலைத்தது தப்பு. ஆனால் ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு பலம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி என் பக்கத்துக்கு வேறு என்ன வேண்டும்? அதே நாற்காலியில் 1997-ல் நம்ம உழவூர்க்காரர் கே.ஆர்.நாராயணன், உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொல்லி வந்த பரிந்துரையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அது பின்வாங்கப்பட்டது. தோழர் அதை எழுதவில்லை.

இன்னொருவர், "டீச்சர் சொல்வதில் முரண்பாடு இருக்கிறது, அதிபரால் எதுவும் செய்ய முடியாது என்கிறார், அதிபர் ஆபத்து என்றும் சொல்கிறார்" என்று எழுதியிருந்தார். முரண்பாடு ஒன்றுமில்லைங்க. தடுக்க ஆள் இருக்கிற இடத்தில் கையெழுத்து நீங்கள் நினைப்பதுபோல் வேலை செய்யாது. தடுக்க ஆள் இல்லாத இடத்தில் வேலை செய்யும், அது அதைவிட மோசம். தூரம் போக வேண்டாம், கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் 1978-லிருந்து நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி. 2020 அக்டோபரில் இருபதாவது திருத்தம் போட்டு அந்த அதிகாரத்தை இன்னும் ஏற்றிக்கொண்டார்கள். 2021-ல் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச ரசாயன உரம் இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார். அமைச்சரவையில் யாரும் ஐயா, போகம் நடுவில் நிற்கிறது என்று கேட்டார்களோ என்னவோ, தடை வந்தது. நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். போன போகம் போனதுதான். 2022 ஜூலையில் மனிதர் நாட்டை விட்டே போய், சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார்.

ஹாலில் கைதட்டியவர்களில் முக்கால்வாசி விவசாயிகள். யூரியா மூட்டைக்கு சொசைட்டியில் வரிசை நிற்கிறவர்கள். "ஒரே கையெழுத்து" என்றதும் தண்ணீர் மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் விருந்தினர் சொன்னாரே, "நீங்க கேரளாக்காரங்க, அப்படித்தான் பேசுவீங்க." அதையும் வீடியோவில் வெட்டிவிட்டார்கள். பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டில் நான் பாண்டி. பொள்ளாச்சிச் சந்தையில் நான் மலையாளத்தாள். ஐம்பத்தாறில் மாநில எல்லைக் கோடு போட்டபோது எங்கள் தாத்தாவை யாரும் கேட்கவில்லை. சரி, அது பழைய கதை. நாடு முழுக்க ஒரே ஒருவரை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிற தேர்தலில், எந்தக் கட்சிக்காரன் கொழிஞ்சாம்பாறைத் தமிழனிடம் வந்து ஓட்டுக் கேட்பான்? இங்கே இன்றைக்கு ஒரு மெம்பர் இருக்கிறார், ஒரு எம்எல்ஏ இருக்கிறார். எங்கள் சில ஆயிரம் ஓட்டு அவருக்குக் கணக்கு. அந்தக் கணக்கையும் பிடுங்கிக்கொண்டு, ஒரு பெரிய மனிதர் பார்த்துச் செய்வார் என்று நம்பச் சொல்கிறீர்கள்.

"ஒரு எம்பி கட்சி மாறினால் ஆட்சி கவிழ்கிற முறையைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே" என்றும் கேட்டார்கள். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. எனக்கும் அன்றைக்கு இது என்ன கூத்து என்றுதான் இருந்தது. ஆனால் மறுபக்கம் பாருங்கள். அமெரிக்காவில் இதுவரை மூன்று அதிபர்கள் மேல் நான்கு முறை கீழ்ச்சபையில் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது, 1868-ல் ஜான்சன், 1998-ல் கிளிண்டன், டிரம்ப் இரண்டு முறை. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் ஒருவரையும் இறக்க முடியவில்லை. நிக்சன் தானாக விலகினார், 1974. நான்கு வருஷம் என்றால் நான்கு வருஷம்தான், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

எனக்கு அந்த 270-வது ஓட்டு போதும். அதைப் போட்டவர் யார், சரியா தப்பா என்று சண்டை போடுகிறவர்கள் போடுங்கள். நான் டியூஷனுக்குப் போகிறேன், ஒன்பதாம் வகுப்புக்கு நாளை பரீட்சை.