டெரெக் ஷாவினுக்கு 75 வருஷம் ஜெயில்னு சுத்துற மெசேஜ் உண்மையில்ல

அமெரிக்காவுல ஜார்ஜ் ஃப்ளாய்டை கொன்ன மினியாபொலிஸ் நகர போலீஸ்காரர் டெரெக் ஷாவின் மேல மூணு குற்றம் நிரூபணமாச்சு, 40, 25, 10 எல்லாம் கூட்டி 75 வருஷம் உள்ளன்னு ஒரு மெசேஜ் சுத்துது. தப்பு. செத்தது ஒரு மனுஷன், அதனால மினசோட்டா மாநிலத்துல அந்த மூணுல பெரிய குற்றமான செகண்ட் டிகிரி (இரண்டாம் நிலை) கொலைக்கு மட்டும்தான் தண்டனை குடுத்தாங்க, 2021 ஜூன் 25ல வந்தது இருபத்திரண்டரை வருஷம். 40ங்கறது உச்சவரம்பு, முன்ன குற்றப் பதிவு இல்லாதவருக்கு அங்க வழிகாட்டி அளவே பன்னெண்டரை வருஷம்தான், பதவிய துஷ்பிரயோகம் பண்ணாரு, கொடூரமா நடந்துகிட்டாருன்னுதான் நீதிபதி பத்து வருஷம் கூட்டினாரு.

செகண்ட் டிகிரின்னா கொல்லணும்னு நெனச்சத நிரூபிச்சுட்டாங்கன்னும் அதே மெசேஜ் சொல்லுது, இதுதான் ரொம்ப மோசமான குழப்பம். அவர் மேல போட்டது உள்நோக்கம் இல்லாத இரண்டாம் நிலை கொலை, அதாவது தாக்குதல் மாதிரி இன்னொரு பெரிய குற்றம் பண்றப்ப அதனால உயிர் போச்சுன்னு காட்டுனா போதும், கொல்ற எண்ணத்த அரசுத் தரப்பு நிரூபிக்கவே வேணாம். அதனாலதான் டிஃபென்ஸ் வக்கீல் சாவுக்கு என்ன காரணம்ங்கறத பிடிச்சுகிட்டாரு, இதய நோய், உடம்புல இருந்த ஃபென்டனில்ங்கற போதைப்பொருள்னு வாதாடினாரு, போலீஸ் பலத்த பயன்படுத்துனது நியாயம்தான்னும் சொன்னாரு. ஒன்பது நிமிஷத்துக்கு மேல ஃப்ளாய்டோட கழுத்துல முட்டிய வச்சு அழுத்துன வீடியோவ பாத்த 12 ஜூரியும் அத ஏத்துக்கல.