கண்ணைப் பார்ப்பதை மட்டும் வைத்து ஆட்டிசம் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம்

"கண்ணைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தைக்கு ஆட்டிசம் இருக்காது, ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், மூன்று வயது வரை பொறுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையோடு சொன்னதுதான் என்றாலும், இரண்டுமே தவறான வழிகாட்டல்.

ஆட்டிசம் என்பது பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை. அது உள்ள குழந்தைகள் பலர் பெற்றோரின் கண்ணைப் பார்க்கிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். பேச்சுக்கு முன்பே கவனிக்க வேண்டியவை உள்ளன: 12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, 18 மாதத்தில் மொட்டைமாடிக் காக்கையையோ தெருவில் போகும் மாநகரப் பேருந்தையோ விரலால் சுட்டிக்காட்டிவிட்டு, நாமும் அதைப் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்பவை. என் பார்வையில் இந்தச் சுட்டிக்காட்டலைத்தான் வீடுகளில் மிகக் குறைவாகக் கவனிக்கிறோம். முன்பு சொன்ன சொற்களைக் குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவற்றில் ஒன்று குறைவதாலேயே ஆட்டிசம் என்றாகிவிடாது. கேட்கும் திறன் குறைவும் காரணமாக இருக்கலாம் என்பதால் செவிப் பரிசோதனை அவசியம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் உள்ளனவா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் (M-CHAT) வினாத்தாளைக் குழந்தைநல மருத்துவரிடம் கேளுங்கள். அது ஆட்டிசத்தை உறுதிசெய்வதில்லை, மேற்பரிசோதனை தேவையா என்பதையே காட்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் (NIEPMD) ஆரம்பநிலைப் பயிற்சி கிடைக்கிறது. பேச்சுப் பயிற்சியைத் தொடங்க, ஆட்டிசம் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.