சுருட்டுப் பற்றும் கிழவர் உங்களுக்குக் காட்சிப்பொருள் அல்லர்

மூன்று நாள்களாக அந்த ஒளிப்பதிவை எனக்கு அனுப்பாதவர்கள் குறைவு. என்னிடம் படித்த பிள்ளைகள் அனுப்பினார்கள், கொழும்பிலிருக்கும் மச்சாள் அனுப்பினார், சிலர் சிரிக்கும் முகக்குறியையும் சேர்த்தே அனுப்பினார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த தம்பி ஒருவர், எங்கள் சந்தி வாசிகசாலைத் திண்ணையில் இருந்த அப்புவின் முகத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்து, "உந்தச் சுருட்டோடையோ இன்னும் இருக்கிறியள்?" என்று கேட்டதையும், அவர் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்னரே சுற்றி நின்றவர்கள் சிரித்ததையும், அதற்கு "எங்கட ஊர் இன்னும் மாறேல்லை" என்று தலைப்பிட்டு உலகம் முழுவதற்கும் பரிமாறியதையும் நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததை மறுபடி விரித்துச் சொல்லப்போவதில்லை. எனக்குச் சொல்வதற்கு இருப்பது ஒன்றுதான். சுருட்டு கெட்டதா நல்லதா என்பது வேறு கேள்வி. அதைப் பற்றுகிற மனிதர் வேடிக்கைப் பொருளா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

அந்தத் திண்ணையில் இருந்தவர் யார் என்று அந்தத் தம்பிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். என்னுடைய ஐயாவும் அவரும் ஒரே சுருட்டுக் கொட்டிலில் பக்கத்துப் பலகைகளில் இருந்து சுருட்டுச் சுற்றியவர்கள். ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் கூலி. விடியவே போய்க் குந்தினால் இருட்டும்வரை குனிந்த தலை நிமிராது. அந்தக் கூலியில்தான் நானும் என் தம்பிமாரும் படித்தோம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் படிப்பித்த ஆசிரியை என்று என்னை மதிக்கிறவர்கள், அந்தத் தமிழுக்குப் புகையிலை மணம் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. கொட்டில்களில் வேலை செய்கிறவர்களுக்குக் கை ஓயாது. ஆனால் காது சும்மா இருக்கும். அதனால் ஒருவரை இருத்திப் பத்திரிகையும் கதைகளும் உரத்து வாசிக்கச் செய்வது யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் வழக்கமாக இருந்தது. எங்கள் கொட்டிலில் வாசித்துவந்த அண்ணர் காய்ச்சலில் விழுந்தபோது, பள்ளிக்கூட விடுமுறையில் இருந்த என்னை ஐயா கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பத்து வயது. 'ஈழநாடு' பத்திரிகையின் முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் வாசிக்க வேண்டும். லகர, ளகரங்களை நான் மாற்றி உச்சரித்தால், இன்று நீங்கள் பார்த்துச் சிரித்த அதே மனிதர் இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பிள்ளை, அந்தச் சொல்லைத் திருப்பி வாசி" என்பார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர் அவர். வகுப்பறையில் நான் குரலை உயர்த்தாமல் கடைசி வாங்கில் வரைக்கும் கேட்கக் கதைக்கிறேன் என்று மாணவர்கள் சொல்வார்கள். அது நான் அந்தக் கொட்டிலில் பழகியது.

புகையிலை எங்கள் ஊருக்கு என்னவாக இருந்தது என்பதைப் புதிய தலைமுறைக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. ஆறில்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக் கல்லுக்கடியில் தேங்கிய மழைநீரைக் கிணற்றால் இறைத்துத்தான் செம்மண்ணில் எதையும் விளைவிக்க முடியும். ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, இன்னொருவர் பட்டையைப் பிடித்து இறைப்பார். ஆட்டுப்பட்டி அடைத்து, பூவரசங்குழை தாழ்த்துப் பண்படுத்திய சில பரப்புத் தோட்டத்தில், மாரி ஓயும் காலத்தில் புகையிலைக் கன்று நட்டு, ஒவ்வொரு கன்றையும் தனித்தனியே பார்த்து, நுனி கிள்ளி, பக்கத்தில் வெடிக்கும் தளிர்களை ஒடித்து, இலை முற்றியதும் வெட்டிப் போறணையில் தூக்கி, பொச்சும் ஊமலும் எரித்துப் புகைபோட்டு எடுப்பார்கள். பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். எங்களில் பலருக்கு நாலு பரப்பே பெரிய காணி. அந்தச் சிறு துண்டு நிலத்திலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைகளைப் படிப்பித்து, கிணறு கட்டி, பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தது என்றால் அதற்குப் பெரும்பாலும் புகையிலையே காரணம். ஒல்லாந்தர் காலத்திலேயே எங்கள் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. பின்னாளில் சுருட்டாகத் தென்னிலங்கைக்குப் போனது. சிங்கள மக்கள் இன்றும் அதைச் 'சுருட்டுவ' என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லும் எங்கள் சுருட்டிலிருந்து போனதுதான். இவ்வளவு தூரம் போன ஒன்றை, ஊரின் வெட்கம் என்று நாலு சொல்லில் தலைப்பிட்டு முடிக்க முடியுமா?

"அப்படியென்றால் நீங்கள் புகைத்தலை ஆதரிக்கிறீர்களா, ரீச்சர்?" என்று ஒருவர் ஏற்கனவே உள்பெட்டியில் கேட்டுவிட்டார். இல்லை. இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்வதற்கு எனக்கு மற்றவர்களைவிட அதிக உரிமை இருக்கிறது. என்னுடைய ஐயா வாய்ப் புற்றுநோயால் இறந்தவர். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போர்நிறுத்தத்தால் திறந்திருந்த காலத்தில், 2003ஆம் ஆண்டு, அவரைப் பேருந்தில் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். போகும் வழியெல்லாம் அவர் கன்னத்தில் கையை வைத்தபடி, யன்னலுக்கு வெளியே எரிந்து கிடந்த கட்டடங்களையும் முறிந்த தென்னைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி மாதங்களில் அவரால் கஞ்சி மட்டுமே விழுங்க முடிந்தது. புகை உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று சுருட்டுக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது பொய் என்பதை அவருடைய வாயைக் கழுவிய இந்தக் கைகளுக்குத் தெரியும். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, மூடிய பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்று இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை நான் வகுப்பறையில் வரவேற்றுப் பேசியிருக்கிறேன். எந்தப் பிள்ளையும் சுருட்டுப் பற்றத் தொடங்க வேண்டாம். ஐயாவுக்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் ஐயாவின் கட்டிலருகே நின்ற எந்த வைத்தியரும், எந்தத் தாதியும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் சொல்லவருவது இவ்வளவுதான்.

எங்கள் ஊரில் சுருட்டுப் பற்றுகிறவர்களின் இன்றைய வாழ்க்கையைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஒழுங்கையில் இப்போது எஞ்சியிருப்பவர்கள் நான்கு பேர், எல்லோரும் எண்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். முன்பு பாதி பற்றிய குறைச் சுருட்டைக் கூரைக் கிடுகில் செருகி வைப்பார்கள், அல்லது காதில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்கள். இன்றைக்குச் செருகுவதற்குக் கிடுகுக் கூரை கிடையாது. எல்லாம் ஓட்டு வீடும் சீமெந்து வீடும். மருமகளுக்கு மணம் பிடிக்காது, பேரப்பிள்ளைக்கு இழுப்பு, ஆகவே விறாந்தையில் இருக்க வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. அது நியாயமும்கூட. கிணற்றடிக்குப் போகிறார்கள். கிணற்றடியிலும் ஆட்கள் என்றால் ஒழுங்கைக்கு வருகிறார்கள். முன்பு வேலியோரம் நின்று அயலவரோடு கதைத்துக்கொண்டு பற்றலாம். இப்போது வேலியிருந்த இடமெல்லாம் ஆளுயர மதில். கடைசியில் வாசிகசாலைத் திண்ணைதான் மிச்சம். அது திறந்த வெளி, சட்டம் தடுக்கும் இடமல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் அப்பு சுருட்டை அணைத்துவிட்டுத்தான் இருப்பார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் திண்ணைக்கும் இப்போது கைப்பேசி வந்துவிட்டது.

"இளம் பெடியள் இதைப் பார்த்துப் பழகமாட்டார்களா?" என்பது அடுத்த கேள்வி. எங்கள் பெடியள் எண்பது வயதுக் கிழவரைப் பார்த்துச் சுருட்டுப் பழகவில்லை. மாவா, கஞ்சா, ஐஸ் என்ற போதைப்பொருள்கள் எங்கள் ஊர்களில் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். அதை ஒளிப்பதிவு செய்ய ஒருவருக்கும் துணிவில்லை. எதிர்த்துக் கேட்கமாட்டார் என்று தெரிந்தவரின் முகத்துக்கு முன்னால்தான் கைப்பேசி நீளுகிறது.

"அவரே சிரித்தார், மறுக்கவில்லையே" என்கிறார்கள். எங்கள் முதியவர்கள் வீட்டுக்கு வந்தவரை எழும்பிப் போ என்று சொல்லிப் பழகவில்லை. இதற்கு மேல் பதில் இல்லை.

இன்னொருவர் எழுதியதை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை. "நாங்கள் அனுப்புகிற காசில்தானே ஊரே நிமிர்ந்தது, அந்த உரிமையில் ஒரு பகிடி செய்யக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் அனுப்பியது உண்மை, நாங்கள் வாங்கியது உண்மை, நன்றியும் உண்மை. கோயில் கோபுரமும் பாடசாலை மண்டபமும் உங்கள் உழைப்பால் எழுந்தன. ஆனால் உங்களை அனுப்பிவைத்த காசு எங்கிருந்து வந்தது? முகவருக்குக் கொடுத்த பணத்துக்காக எத்தனை புகையிலைத் தோட்டங்கள் ஈடு வைக்கப்பட்டன, எத்தனை சோடிக் காப்புகள் கழன்றன என்று உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா? 1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் கொட்டில் முதலாளியின் கடை தெற்கில் எரிந்தது. ஒரே கிழமையில் இருபது குடும்பங்களுக்குக் கூலி இல்லாமல் போனது. 1990இல் போரோடு அரசின் பொருளாதாரத் தடை வந்தபோது, சுற்றி வைத்த சுருட்டை அனுப்பப் பாதையில்லாமல் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. அந்தக் காலத்திலும் ஊரைவிட்டுப் போகாமல், இருந்ததைப் பகிர்ந்து தின்றவர்கள் இவர்கள். காசு அனுப்பியதற்கு உரிமை உண்டென்றால், இருந்து காத்ததற்கு ஒரு மரியாதையாவது கிடையாதா? இன்றைக்கும் பூட்டிக் கிடக்கும் உங்கள் வீடுகளுக்கு மாலையில் விளக்குப் போடுகிறவர் யார்? மாமரத்துச் சருகைக் கூட்டி, கிணற்றை இறைத்து, கள்ளர் வராமல் பார்க்கிறவர் யார்? உங்கள் வீட்டுத் திறப்பு அந்தச் சுருட்டுக்காரரின் இடுப்பில்தான் தொங்குகிறது.

அதிகமாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். ஒன்றைச் சொன்னால் விளங்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்க, இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, நடக்க முடியாத என் ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தவர் அந்த அப்புதான். சொந்தக்காரர் அல்லர், கொட்டில் சிநேகிதனின் தாய் என்ற உறவு மட்டுமே. விடியும்வரை தள்ளினார். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஆச்சியை இறக்கிவிட்டு, இடுப்பிலிருந்து எடுத்தார் ஒரு சுருட்டை. அது நனைந்து கூழாகியிருந்தது. ஆச்சியும் சுருட்டுப் பற்றுகிறவர். எங்கள் கிழவிகள் பலர் அப்படித்தான். தன் கொட்டைப்பெட்டிக்குள் நனையாமல் வைத்திருந்த ஒன்றை எடுத்து, நடுவில் முறித்து, அவருக்குப் பாதி கொடுத்தார். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு பற்றினார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. ஊரில் எரிவது எங்கள் வீடா, அடுத்த வீடா என்று தெரியாமல் நின்ற அந்தக் காலையில், அந்தப் புகையின் மணம் மட்டுமே எனக்கு வீடு போல இருந்தது. இதைப் புற்றுநோயால் தகப்பனை இழந்தவள் சொல்கிறேன். முரண்பாடு என்று நீங்கள் சொல்லலாம். இரண்டும் எனக்கு நடந்தவை.

நேற்று மாலை அப்புவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய பேத்தி ஒளிப்பதிவைக் காட்டியிருக்கிறாள். நான் கோபத்தோடு ஏதோ சொல்லத் தொடங்க, அவர் கையமர்த்தி நிறுத்தினார். கனடாவிலிருக்கும் அவருடைய இளைய மகன் இரண்டு ஆண்டுகளாகத் தொலைபேசி எடுப்பதில்லை என்பது ஊருக்குத் தெரிந்த விடயம்.

"பிள்ளை, உது கனடாவுக்கும் போயிருக்குமோ?" என்று கேட்டார். "அவன் பாத்திருப்பானோ?"

போயிருக்கும் அப்பு என்றேன். அதற்குப் பிறகு அவர் சேட்டின் கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, அன்றைக்குத் தோய்த்த சேட்டுப் போடவில்லையே என்று மட்டும் சொன்னார்.

தம்பி, இந்தப் பதிவு உங்களுக்கு வந்து சேரும். அந்த ஒளிப்பதிவை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். விமானம் ஏறுவதற்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நாலு மணிக்குப் பிறகு அவர் திண்ணையில்தான் இருப்பார். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.